வாசல்படிக் கட்டணம்

போனிலேயே சொல்லிவிட்டாள் அந்தப் பெண்:
வந்து பார்ப்பதற்கு மட்டும் நூற்றுப் பத்து டாலர்.
சரிசெய்வதற்கு அல்ல. பார்ப்பதற்கு.
என்னை யாரும் இவ்வளவு கொடுத்துப் பார்த்ததில்லை
என்றேன். சிரிக்கவில்லை.
வியாழன், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றாள்.

அன்று திங்கள்.
துவைக்கும் இயந்திரத்தின் வயிற்றில்
என் இரண்டு சீருடைகளும்
சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன.
செயின்ட் பாலில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
நிலவறையில், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்,
பெயர் தைத்த சட்டைப்பை ஒட்டிக்கொண்டு
மார்லிஸ் என்று என்னையே கூப்பிட்டது.
மூன்று நாள் நீல ஸ்வெட்டரில் பேருந்து ஓட்டினேன்.

பக்கத்து வீட்டு ஹால்வர் ஒரு விதி சொன்னான்:
பழுதுக்கூலி புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால்
தூக்கிப் போடு.
அவன் அப்படித்தான் இரண்டு அடுப்பைத் தூக்கிப் போட்டான்.
இரண்டு மனைவியரிடமும் அதே விதிதான் என்று
தெருவில் பேச்சு.

இரவில் மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்.
பம்பு என்றால் இருநூறு.
கதவு ரப்பர் என்றால் முந்நூறு.
சர்க்யூட் பலகை போயிருந்தால் நானூற்றைம்பது.
பேரிங் என்றால்
வாயைத் திறக்காமல் கடைக்குப் போ.
எந்தப் பக்கம் கூட்டினாலும்
மே மாத வீட்டு வரியில் போய் முட்டியது.

வியாழன், பதினொன்று ஐம்பத்திரண்டு.
வாசலில் டூ கெர் வாங்.
பனிக்காலணிக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
படியிறங்கினார்.
(உறையும் அந்த நூற்றுப் பத்தில் சேர்த்தியா?)
கீழ்மூடியைத் திறந்தார். ஒரு வாளி. இன்னொரு வாளி.
விரல்களை உள்ளே விட்டு
முகத்தை வேறுபக்கம் திருப்பி
பசுவுக்குப் பிரசவம் பார்ப்பவர் போலத் துழாவி
வெளியே எடுத்தார்:
ஐந்து சென்ட் நாணயம் ஒன்று.

பம்பின் இறக்கையை அது முறித்திருந்தது.
பம்பு அறுபத்தெட்டு. கைவேலை தொண்ணூற்றைந்து.
வாசல்படிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள் என்று
நம்பியிருந்தேன்; பாதிதான் கழிப்பார்களாம்.
வரியோடு
இருநூற்று இருபத்து நான்கு டாலர், எழுபத்திரண்டு சென்ட்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
நாணயத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்றேன்.
இவர் சிரித்தார்.

மேலே, சமையலறையில்,
அட்டை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
திடீரென்று தலையைச் சாய்த்தார்.
ஃபிரிட்ஜுக்கு எத்தனை வயது?
பதினாறு.
கம்ப்ரஸர். இந்தக் கோடையைத் தாண்டாது.
எண்ணூறு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.
எங்களையும் கூப்பிடாதீர்கள்.
ரசீதில் இதற்கு
எதுவும் எழுதவில்லை.

வேன் பனியில் பின்னோக்கி ஊர்ந்து போனது.
சீருடைகளை இரண்டு முறை துவைத்தேன்,
எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்த பிறகு.

இரவு இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் முனகுகிறது.
நான்கு நிமிடம், ஒரு குலுக்கல், நிறுத்தம்.
பதினாறு வருஷமாக அதே சத்தம்தான்,
நேற்றுவரை அது வெறும் சத்தம்.
எழுந்து போய்க் கதவைத் திறந்து
பால், முட்டை, வெட்டிய பாதி எலுமிச்சை
எல்லாவற்றையும் அந்த வெளிச்சத்தில்
சும்மா பார்த்துவிட்டு மூடினேன்.

காலை ஐந்து பத்து, முதல் நடை.
ஏறிய பையனுக்கு ஐந்து சென்ட் குறைந்தது.
ஈரம் காயாத என் சட்டைப்பையிலிருந்து எடுத்து
கட்டணப் பெட்டியில் போட்டேன்.
அவ்வளவு விலைக்கு
அது எழுப்பிய சத்தம் ரொம்பச் சின்னது.